நோட்டில் ஏறாத அசைவு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொண்டீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். இந்த வரியை எழுதிவிட்டால் மேற்கொண்டு கை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் தம்பிக்குக் காய்ச்சல் என்று போன மாதம் எழுதியிருந்தேன். அது மூளைக் காய்ச்சல் என்றார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. அவர்தான் திரும்பி வரவில்லை. கண் திறந்திருக்கிறது, ஜன்னல் பக்கமாக. நான் குறுக்கே போய் நின்றாலும் என்னைத் தாண்டி ஜன்னலைத்தான் பார்க்கிறார். கையைத் தூக்கி விட்டால் தூக்கியபடியே சற்று நேரம் நிற்கிறது, பிறகு மெல்ல இறங்குகிறது. மருத்துவமனைக்கு வந்து இன்றோடு பதினெட்டு நாள்.

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றாமல் பேசுகிறவர். எனக்கு அவர் ஒரு பச்சைத் துணி, அவ்வளவுதான். "எனக்குக் காது கேக்காது டாக்டர், உதட்டைப் பாத்துதான் புரிஞ்சுக்குவேன். எழுதிக் குடுத்துடுங்க" என்றேன். மருந்துச் சீட்டின் பின்புறத்தில் எழுதினார்: "கை கால் இழுக்காத வலிப்பு. உள்ளே விடாமல் ஓடுகிறது."

அப்புறம் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள். இதற்கு இரண்டு மருந்து இருக்கிறதாம். எது மேல் என்று உறுதியாகத் தெரியாததால் ஒப்பிட்டுப் பார்க்கிற ஆய்வாம். பாட்டிலில் எந்த மருந்து என்று நர்ஸுக்கும் தெரியாதாம். மூளை அலைப் பதிவை வேறு ஊருக்கு அனுப்பி, நோயாளி யாரென்று தெரியாதவர்கள் படித்துச் சொல்வார்களாம். போட்டுவிட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்று உறைத்தது. உங்களுக்கும் அலை படிக்கிற வேலைதானே. தப்புச் செய்துவிட்டேனா?

தையல் பட்டறையில் லீவு சொல்லியிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
சின்னவள்

மார்ச் 11

சின்னவளுக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாயா என்பதை அடுத்த கடிதத்தில் எழுது.

கையெழுத்துப் போட்டது சரி. நான் பக்கத்தில் இருந்திருந்தாலும் போடத்தான் சொல்லியிருப்பேன். வலிப்பு என்றால் வெட்டி வெட்டி இழுக்க வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இது வேறு. ஆள் அமைதியாகப் படுத்திருப்பார். உள்ளே மின்சாரம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் ஓடலாம், வாரக்கணக்கிலும் ஓடலாம். ஓடுகிற ஒவ்வொரு நாளும் எதையோ தின்றுகொண்டுதான் ஓடும். எவ்வளவு தின்னும் என்பதில் புத்தகங்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதனால் அதைச் சீக்கிரம் நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி எழுதுவதைக் கவனமாகப் படி. உன் டாக்டர் சொன்ன ஆய்வில்தான் நான் வேலை செய்கிறேன். ஏழு மருத்துவமனைகளிலிருந்து பதிவுக் கத்தைகள் கூரியரில் வரும். மேலே எண் மட்டும் இருக்கும். ஒரு நோயாளியின் பதிவுகள் கடைசி வரை ஒருவரிடமே வரும். பாதிப் பேர் எனக்கு, பாதிப் பேர் எதிர் மேசைக்காரருக்கு. படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: தொடர்கிறது, நின்றது, சந்தேகம். "தொடர்கிறது" என்று குறித்தால் வார்டில் மருந்தை மாற்றுவார்கள். மற்ற இரண்டில் எதைக் குறித்தாலும் அதே மருந்து, அடுத்த வாரம் மறுபடி ஒரு பதிவு. படிவத்தை ஃபேக்ஸில் திருப்பி அனுப்புவோம். படித்தவர் பெயர் அதில் இருக்காது.

உங்கள் மருத்துவமனை அந்த ஏழில் ஒன்று. தம்பியின் எண் எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. தெரிந்தவருடைய பதிவு என்று எனக்குப் பட்டால் எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஆகவே அவன் கட்டிலில் எந்த எண் தொங்கினாலும் அதை எனக்கு எழுதாதே.

அவன் விழித்ததும் இந்தப் படிவத்தைப் பற்றிச் சொல். சின்ன வயதிலிருந்து என்னைச் "சந்தேகம்" என்றுதான் கூப்பிடுகிறான். கடைசியில் என்னை அச்சடித்தே வைத்துவிட்டார்கள் என்று ஒரு வாரம் சிரிப்பான்.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டீர்களே, உட்கார்ந்துதான் தூங்குகிறேன். கழுத்து பிடித்துக்கொண்டது, விட்டும்விட்டது. உங்கள் ஊரில் வெயில் ஆரம்பித்திருக்குமே, குடை எடுத்துப் போங்கள்.

எண்ணை எழுத மாட்டேன். நேற்று கட்டில் கால்மாட்டு அட்டையில் புதிதாக ஒரு ஃபேக்ஸ் காகிதம் செருகியிருந்தார்கள். படித்தேன். அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கிறது. ஏன் என்பதை அவர் எழுந்த பிறகு சொல்கிறேன்.

இப்போது சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய உதடு அசைகிறது. வலது ஓரம் மட்டும். ஓர் ஊசிமுனை அளவுக்கு உள்ளே இழுத்து விடுகிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரோ என்று முதல் நாள் முழுவதும் உட்கார்ந்து படிக்கப் பார்த்தேன். சொல் இல்லை. ஆறு வயதிலிருந்து உதடு பார்த்துப் பிழைக்கிறவள் நான். சொல் எது, வெறும் அசைவு எது என்று எனக்குத் தெரியும்.

நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல பெண்தான். குனிந்து பார்த்தாள். "ஒண்ணும் தெரியலையேம்மா. நாள் பூரா பாத்துட்டே இருந்தா சுவரு கூட அசையும். போய் முகம் கழுவிட்டு வாங்க" என்றாள். நோட்டில் "அசைவு இல்லை" என்று எழுதினாள்.

காலர் தைக்கிற மிஷினில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவளுக்கு எண்ணிக்கை பிசகாது. சுவர்க் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். பத்து நொடிக்கு இருபது தடவை. காலையில் எண்ணினாலும் அதுதான், மத்தியானம் எண்ணினாலும் அதுதான். யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
சின்னவள்

ஏப்ரல் 3

சின்னவளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில்தான். குடை எடுத்துப் போகிறேன். உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தாமதத்துக்கு வேலை காரணம் என்று வைத்துக்கொள்.

தம்பியின் தலையில் இடது பின்பக்கம், முடிக்குள், ஒரு பள்ளம் இருக்கும். நீ தடவிப் பார்த்திருப்பாய். அது எப்படி வந்தது என்று அவன் உனக்குச் சொன்ன கதைகளில் எதுவும் உண்மையாக இருக்காது. அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பன்னிரண்டு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு உயரமான மதில். அதன்மேல் நடக்கலாமா என்று என்னைக் கேட்டான். அந்த மதிலில் செங்கல் சில இடங்களில் ஆடும், சில இடங்களில் ஆடாது. "இரு, யோசிச்சு சொல்றேன்" என்றேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஏறி விழுந்தான். எலும்பில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டப்பெயர்.

ஏன் இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

உதட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அங்கே இருக்கும் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களுக்கு உடம்பு சரியில்லையா? "அங்கே இருக்கும் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று இருபத்திரண்டு வருஷத்தில் நீங்கள் ஒரு வரி எழுதியதில்லை. எனக்குப் பல் பிடுங்கியபோதே அந்த டாக்டர் எங்கே படித்தவர் என்று கேட்டு எழுதியவர் நீங்கள். சரி, விவரம் போதவில்லை போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இன்னும் எழுதுகிறேன்.

விரல் நுனியை உதட்டோரத்தில் வைத்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத நேரத்திலும் விரலுக்குத் தெரிகிறது. பாட்டில் ஏறி முடிந்த ஒரு மணி நேரம் மெலிகிறது, அப்புறம் பழையபடி. வலது கண் இமையும் போன வாரத்திலிருந்து சேர்ந்துகொண்டது, உதட்டோடு ஒரே தாளம். அவர் கொஞ்சம் கொஞ்சமாக என்னைவிட்டுத் தள்ளிப் போகிற மாதிரி இருக்கிறது. முன்பு கையைத் தூக்கினால் நின்றது. இப்போது பொத்தென்று விழுகிறது.

அவரோடு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை செய்கிற ஒருவர் வந்திருந்தார், ஆறு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். இடுப்பில் எந்நேரமும் கொத்துச் சாவி தொங்குவதால் "சாவி" என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள். கட்டிலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். ஏதோ மெஷினைப் பார்க்கிற பார்வை. "நடுவுல நின்னுட்டாரும்மா. மேல் மாடியும் இல்ல, கீழ் மாடியும் இல்ல. லைட்டு மட்டும் எரியுது" என்றார். பிறகு வேலையிடத்தில் உங்கள் தம்பி போட்ட விதி ஒன்றைச் சொன்னார். லிஃப்ட் நடுவில் நின்றால் யாரும் பொத்தானைத் தொடக் கூடாதாம். முதலில் கதவில் மூன்று தட்டு. அதற்கு "உள்ள எத்தனை பேரு" என்று அர்த்தமாம். உள்ளே எத்தனை பேரோ அத்தனை தட்டு பதிலாக வர வேண்டுமாம். சொல்லிவிட்டுக் கட்டில் கம்பியில் மூன்று தட்டுத் தட்டினார். எனக்குக் கம்பி வழியாகக் கையில் தெரிந்தது. பதில் இல்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

என் அண்ணனும் வந்தார். பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிடலாம், வண்டிகூடப் பேசிவிட்டேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "பிடிவாதம் பண்ற நேரமா இது?" என்று கோபித்துக்கொண்டு போனார். நான் ஏன் மறுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வெயிலில் அலையாதீர்கள்.

சின்னவள்

ஏப்ரல் 16

சின்னவளுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

மறுத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். தெரியவில்லை. அண்ணன் சொல்வது நியாயமாக இருந்தால் அதைக் கேள். என்னை முன்னிட்டு எதையும் முடிவு செய்யாதே. உடனே பதில் போடு.

அக்கா

ஏப்ரல் 23

ஆய்வுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். பயணம் முடிந்து நலமாகத் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று மாலை தொலைபேசியில் சொன்னதை எழுத்தில் கேட்டீர்கள். எழுதுகிறேன்.

எண் பதினான்கு என் தம்பி என்று நம்புகிறேன். முதல் பதிவு மார்ச் 18 அன்று என்னிடம் வந்தது. இடது பின்பக்க அலைகள் மட்டும் மற்ற இடங்களைவிட உயரமாக இருந்தன. மண்டையோட்டில் எலும்பு இல்லாத இடத்தில் அப்படித்தான் இருக்கும். என் தம்பிக்கு அதே இடத்தில் எலும்பு இல்லை. ஆனால் தலையில் அடிபட்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அலைகள் நொடிக்கு இரண்டு வந்தன. நம் விதியில் உள்ள எண்ணிக்கைக்குக் கீழே. அந்த வேகத்தில் இருந்தால், அதே தாளத்தில் உடலில் அசைவு இருந்தால்தான் வலிப்பு என்று குறிக்கலாம். ஆகவே "சந்தேகம்" என்று குறித்து, உடலில் அசைவு ஏதேனும் தெரிந்தால் குறிக்கவும் என்று கீழே கையால் எழுதி அனுப்பினேன். வார்டிலிருந்து "இல்லை" என்று வந்தது.

மார்ச் 27 அன்று என் தம்பி மனைவியின் கடிதம் கிடைத்தது. அவளுக்குக் காது கேட்காது, உதடு படிப்பவள். அவன் உதட்டோரம் நொடிக்கு இரண்டு முறை அசைகிறது என்று எழுதியிருந்தாள். வார்டில் யாரும் அதை நம்பவில்லை.

அன்றே விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. விலகினால் பதிவு எதிர் மேசைக்காரரிடம் போகும். டீ ஆறுவதற்குள் ஒரு கத்தையை முடிப்பவர் அவர். "நின்றது" என்று போட்டுவிடுவார் என்று பயந்தேன். என்னிடமே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் வீட்டுக் கடிதத்தில் வந்ததைப் படிவத்தில் சேர்க்க எனக்கு உரிமையில்லை என்றும் நினைத்தேன். டாக்டரைப் பிடித்து உலுக்கு என்று அவளுக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் என் வாயிலிருந்து போனதே சாட்சியாக என் மேசைக்குத் திரும்பி வரும். அதுவும் முறையில்லை. முறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஐந்து வாரம் ஐந்து முறை "சந்தேகம்" என்று குறித்தேன். முதல் இரண்டு அறியாமல். பின் மூன்றும் அறிந்து.

நேற்று ஆறாவது பதிவு வந்தது. அலைகளின் உயரம் குறைந்து வருகிறது. குணமாகிக் குறைவதுபோல் இல்லை, ஓய்ந்து குறைவதுபோல் இருக்கிறது. நான் இதைக் குறிக்கவில்லை. மருந்தை இன்றே மாற்றச் சொல்லும்படியும், அந்தப் பெண்ணிடம் உதட்டைப் பற்றி நேரில் கேட்கச் சொல்லும்படியும் வேண்டுகிறேன்.

வாசிப்பாளர் 2

ஏப்ரல் 30

வாசிப்பாளர் 2 அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் குடும்பத்தினரும் இந்தச் சோதனையைத் தாங்கும் மனவலிமையுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தாங்கள் கேட்டபடி வார்டுக்கு உடனே தெரிவிக்கப்பட்டது. ஏப்ரல் 24 அன்று மருந்து மாற்றப்பட்டது. முதலில் தரப்பட்டது இரண்டில் எது என்பதை ஆய்வு முடியும்வரை திறக்க இயலாது. தாங்கள் அதைக் கேட்கவில்லை. இருப்பினும் தெரிவிக்கிறேன்.

எண் பதினான்கின் ஆறு பதிவுகளும், யாருடையவை என்று சொல்லாமல், மற்ற வாசிப்பாளரிடம் தரப்பட்டன. மார்ச் 18ஆம் தேதிப் பதிவிலேயே அவர் "தொடர்கிறது" என்று குறித்திருக்கிறார். காரணம் கேட்டதற்கு, எண்ணிக்கை விதிக்குக் கீழே இருந்தாலும் அந்த ஒரு பதிவுக்குள்ளேயே அலையின் வடிவம் மாறிக்கொண்டே போவது போதும் என்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் பன்னிரண்டு நிமிடம். முன்கூட்டியே தங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன், குற்றம் சாட்டுவதற்காக அல்ல.

தாங்கள் படித்த மற்றவர்களின் பதிவுகளும் மீண்டும் படிக்கப்படும். அதுவரை தங்களுக்கு ஆவணப் பிரிவில் வேலை. உடல்நலம் பேணவும்.

ஆய்வுத் தலைவர்

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நலமா? நான் நலம். உங்கள் ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தேன். காரணம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

இருபத்துநான்காம் தேதி காலை டாக்டர் முகக்கவசம் இல்லாமல் வந்தார். அன்றுதான் அவர் வாயை முதல் தடவை பார்த்தேன். மேல் உதட்டில் ஒரு தழும்பு. என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அவர் உதட்டுல என்ன பாத்தீங்க? நிதானமா சொல்லுங்க" என்றார். சொன்னேன். என் விரலை எடுத்துவிட்டுத் தன் விரலை வைத்துப் பார்த்தார். பத்து நொடிக்கு இருபது. நிமிர்ந்து நர்ஸைப் பார்த்து என்னவோ சொன்னார். நான் படிக்க முடியாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

மருந்தை மாற்றினார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் உதடு நின்றது. ஒரு மணி நேரம் விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இமையும் நின்றது. புதிய பதிவில் வலிப்பு இல்லை என்று எழுதிக் காட்டினார்கள். கண்ணை மூடித் தூங்குகிறார். இது நிஜத் தூக்கம் என்கிறார்கள். விழிக்கும் நேரத்தில் என்ன பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் எழுந்த பிறகு சொல்கிறேன் என்றேனே, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் அட்டையில் பார்த்த அந்தக் காகிதத்தில், கட்டங்களுக்குக் கீழே, "உடலில் அசைவு ஏதேனும் தெரிந்தால் குறிக்கவும்" என்று கையால் எழுதியிருந்தது. "அசைவு" என்பதில் கடைசி எழுத்தின் சுழியை மூடாமல் விடுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். மற்றவர்களுக்கு நீங்கள் ஒரு குரல். எனக்கு நீங்கள் இருபத்திரண்டு வருஷக் கையெழுத்து.

அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அவர் அக்கா கையில் இருக்கிறார் என்று நினைத்தேன். வாயைத் திறந்தால் நீங்கள் விலகிவிட வேண்டும், அதனால் மூச்சுக் காட்டவில்லை. காகிதத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நர்ஸ் "இல்லை" என்று எழுதினாள். நான் உங்களுக்கு "இருக்கிறது" என்று எழுதினேன். கேட்டவர் நீங்கள், பதில் உங்களுக்கு வந்தால் போதாதா? அதனால்தான் இங்கே யாரிடமும் சண்டை போடவில்லை. அண்ணன் வண்டி பேசிவிட்டு வந்தபோது மறுத்ததும் அதனால்தான்.

வாரா வாரம் புதுக் காகிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் அதே கட்டம். தபால் தாமதம் போலிருக்கிறது, என் கடிதம் இன்னும் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சேர்ந்ததா அக்கா? எந்தத் தேதியில் சேர்ந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

சின்னவள்

மே 19

சின்னவளுக்கு,

மார்ச் 27. காலைத் தபாலில்.

அதற்குப் பிறகு மூன்று முறை அந்தக் கட்டத்தைக் குறித்தேன். ஒவ்வொரு முறையும் உன் கடிதம் என் கைப்பையில் இருந்தது. யாருடைய பதிவு என்று எனக்குத் தெரிந்திருந்தது. உன் எண்ணிக்கை சரி என்பதும் தெரிந்திருந்தது. விலகாமல் இருந்தது அவனைக் காப்பாற்ற என்று நினைத்தேன். குறிக்காமல் இருந்தது நேர்மை என்று நினைத்தேன். நான் விலகியிருந்தால் மார்ச் கடைசியிலேயே மருந்து மாறியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. அதாவது நான்கு வாரம். நீ கணக்குப் போடுவதற்கு முன் நானே போட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதத்தை முடித்தால் எனக்குச் சுலபம். நீ அதற்கும் ஒரு பதில் எழுத வேண்டியிருக்கும். அந்த வேலையை உனக்குத் தர மாட்டேன்.

பதிவு படிக்கும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஆய்வு முடிந்ததும் ஏழு மருத்துவமனைகளின் வார்டு நோட்டுகளும் பெட்டிகளில் இங்கே வரும். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து அடுக்குவது இனி என் வேலை.

அவன் எப்படி இருக்கிறான்? உள்ளது உள்ளபடி எழுது. வர வேண்டாம் என்று நீ சொல்லாவிட்டால் ஜூலையில் வருகிறேன். வேளைக்குச் சாப்பிடு என்று எழுதவும் இப்போது தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சாப்பிடு.

அக்கா

ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருங்கள். அடுத்த மாதம் வர வேண்டாம். வரலாம் என்று தோன்றும்போது நானே எழுதுகிறேன்.

உள்ளது உள்ளபடி கேட்டீர்கள். காலையில் கண் திறக்கிறார். ஜன்னலைப் பார்ப்பதில்லை, என்னையும் பார்ப்பதில்லை. முகத்துக்கு நேராக விரலை ஆட்டினால் சில நாள் கண் கூடவே வருகிறது, சில நாள் வருவதில்லை. ஊட்டினால் விழுங்குகிறார். பேச்சு இல்லை. உதடு அசையவே இல்லை. அசையாத உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்று டாக்டரிடம் சொன்னேன். இப்போதெல்லாம் முகக்கவசம் இல்லாமல்தான் வருகிறார். "போனது எவ்வளவு, இருக்கிறது எவ்வளவுன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். முன்பே மாற்றியிருந்தால் என்று கேட்டேன். அவர் கால்மாட்டு அட்டையை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார்.

பத்து நாளைக்கு முன் சாவி மறுபடி வந்தார். என்னைக் கேட்காமலே, போன தடவை மாதிரி கட்டில் கம்பியில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். பட்டறைக்கு இனி எப்போது போவேன் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்ல வாயெடுத்தபோது கம்பி வழியாக என் உள்ளங்கையில் ஒன்று வந்தது.

ஒன்றே ஒன்று. உங்கள் தம்பியின் வலது கை விரல் கம்பிமேல் கிடந்தது. சாவி அந்த விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒருத்தர்" என்றார். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து தினமும் தட்டிப் பார்க்கிறேன். இன்றுவரை இன்னொன்று வரவில்லை. அது பதிலா, தசை வெறுமனே துள்ளியதா என்று எனக்குத் தெரியாது. பதில் என்றால், அந்த வாரங்கள் முழுக்க அவர் உள்ளேதான் இருந்திருக்கிறார். அதற்கு மேல் நான் யோசிப்பதில்லை. உங்களையும் கேட்கவில்லை.

இந்தத் தடவை யாரையும் நம்பிக் காத்திருக்கவில்லை. அன்றைக்கே நர்ஸிடம் நோட்டைக் கேட்டேன். "உறவுக்காரங்க இதுல எழுதக் கூடாதும்மா" என்றாள். நான் கையை நீட்டியபடியே நின்றேன். கொடுத்துவிட்டாள். தேதி, நேரம், எந்த விரல், எத்தனை தட்டு, எல்லாம் எழுதிவிட்டேன். அதற்கு மேலே அவள் அன்று காலை எழுதிய "அசைவு இல்லை" அப்படியே இருக்கிறது. அதை நான் அடிக்கவில்லை.

அந்த நோட்டு ஒரு நாள் பெட்டியில் உங்கள் மேசைக்கு வரும். பெயர் போடவில்லை. கையெழுத்து யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.